வேன் எங்கே நிற்கிறது?

பெருமழை, புயல் என்றால் நாகை, திருவாரூர் பக்கம் தேவாலய இளைஞர் குழுக்கள் அரிசி, போர்வையோடு வேனில் வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், அந்த மனசைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், வேன் நிற்பது பெரும்பாலும் ஊர்த்தெருவில். காலனிப் பாதையில் தண்ணீர், வண்டி போகாது என்பார்கள். பொருள் அங்கேயே இறங்கிவிடும்.

2004 சுனாமியில் படகு, வலை இழந்தவர்கள் கணக்கில் வந்தார்கள். உப்புநீர் புகுந்த வயலில் நடவு வேலை இழந்த தலித் பெண்கள் பலர் கணக்குக்கு வெளியே நின்றார்கள். பிணம் அள்ள மட்டும் வெளியூர்த் துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைக்கு, மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவித்தது அரசு. அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவருக்கு மரம் ஏது?

உடைமையை வைத்து இழப்பை அளந்தால் உடைமையில்லாதவர் விடுபடத்தான் செய்வார். அரசுப் பட்டியலின் இந்த ஓட்டையைத் தொண்டுப் பட்டியலும் சுமக்கிறது. (சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.)

தம்பி, தங்கைகளே, பட்டியலை எழுதிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். பொருள் வருவதற்கு முந்தின நாள் இரண்டு பேர் வந்து, காலனிப் பெண்களோடு வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வண்டி போகாவிட்டால் மூட்டையைத் தோளில் தூக்கலாம். இருபது பேர் வருகிறீர்களே.