சிகிச்சை பலித்தது, அவருக்கு நிறைவில்லை

முகத்துக்கான ஊசி, நூல், லேசர், பீலிங் சிகிச்சைகளின் பக்கவிளைவுகளைப் பற்றி நம் துறை இதழ்களில் நிறைய எழுதப்படுகிறது. இமை இறங்கியது, ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தது, லேசருக்குப் பின் கருமை படர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் படங்களோடு கட்டுரைகள் உண்டு. ஆனால் மருந்தும் அளவும் இடமும் சரியாக அமைந்து, பக்கவிளைவு ஏதுமின்றி, நாம் எதிர்பார்த்த பலனும் கிடைத்த பிறகு "ஒண்ணும் மாறலையே டாக்டர்" என்று சொல்லும் நோயாளியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர் மறுபடி நம்மிடம் வருவதும் இல்லை. வேறொரு கிளினிக் தேடிப் போகிறார். இல்லாவிட்டால், கட்டிய பணம் வீணானதை வீட்டில் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறார். இந்த ஆசிரியர் உரை அவரைப் பற்றியது.

நம் எல்லோருக்கும் பழக்கமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி ஆசிரியை, வயது 48. "எப்பப் பார்த்தாலும் 'உடம்பு சரியில்லையா டீச்சர்'னு கேக்குறாங்க டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். மருத்துவர் முகத்தைப் பார்க்கிறார். புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள். புருவத்தைச் சுருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஐந்து இடங்களில் நான்கு நான்காக 20 யூனிட் போடாக்ஸ் போடுகிறார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது கோடுகள் இல்லை. முன்னும் பின்னும் எடுத்த படங்களை எந்த மாநாட்டிலும் காட்டலாம். ஆசிரியை கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "நெத்தி நல்லா இருக்கு டாக்டர். ஆனா நேத்தும் ஸ்டாஃப் ரூம்ல அதையேதான் கேட்டாங்க."

அவர் கோட்டைப் பற்றிப் பேசவே இல்லை. களைப்பாகத் தெரிவதைப் பற்றித்தான் பேசினார். அந்தக் களைப்பு அவருடைய கண்ணுக்குக் கீழே இருந்தது. நம்மிடம் இருக்கும் மருந்துக்கு எது கட்டுப்படுமோ அதுவே முதலில் நம் கண்ணில் படுகிறது. பயிற்சி நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. முகச் சிகிச்சைகளில் வரும் ஏமாற்றத்தில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, முதல் பத்து நிமிடப் பேச்சிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஊசி போடும் கை எவ்வளவு தேர்ந்தாலும் இந்த ஏமாற்றம் குறையப்போவதில்லை.

கருவளையத்தையே பார்ப்போம். நம் ஊர் நோயாளிகளிடம் இதுபோல் அடிக்கடி வரும் குறையும் இல்லை, இதுபோல் அவசரப்பட்டுக் கைவைக்கப்படும் குறையும் இல்லை. தோலில் படிந்த நிறமியாலும் அது வரலாம். மெல்லிய இமைத்தோலுக்கு அடியில் தெரியும் ரத்தக்குழாய்களாலும் வரலாம். கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையிலான பள்ளமும் அதற்கு மேலே துருத்தும் கொழுப்பும் சேர்ந்து விழுத்தும் நிழலாலும் வரலாம். பலருக்கு மூன்றும் கலந்தே இருக்கும். ஃபில்லர் தீர்ப்பது அந்த நிழலை மட்டுமே. பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். கீழிமைத் தோலை விரலால் மெல்ல இழுத்தால் நிறமி அப்படியே நிற்கும், ரத்தக்குழாயின் நிறம் இன்னும் கூடித் தெரியும், நிழல் குறையும். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, தலைக்கு மேலிருக்கும் டியூப்லைட்டில் ஒருமுறையும், நேர் முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒருமுறையும் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேலிருந்து ஒளி விழும்போது பள்ளம் ஆழமாகிறது. முன்னாலிருந்து விழும்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மறையாமல் நிற்கும் கருமை நிறமியாகவோ ரத்தக்குழாயாகவோ இருக்கும்.

இதைச் செய்யும்போது நோயாளியின் கையில் ஒரு கண்ணாடி இருக்க வேண்டும். எது போகும், எது போகாது என்பதை அவரே தன் கண்ணால் பார்த்துவிடுகிறார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு "அப்போ இந்தக் கருப்பு இருக்கத்தான் செய்யுமா டாக்டர்?" என்ற கேள்வி அவரிடமிருந்தே வரும். அந்தக் கேள்வி வந்த பிறகு ஃபில்லர் போட்டுக்கொள்பவர் ஏமாறுவது அபூர்வம். வராமலேயே போட்டுக்கொண்டவருக்குப் பள்ளம் நிரம்பியிருக்கும், கருமை அப்படியே இருக்கும். ஃபில்லர் மேலாகப் படிந்துவிட்டால் டிண்டால் விளைவால் நீலச்சாயலும் சேர்ந்துகொள்ளும். ஹயலுரோனிடேஸ் போட்டுக் கரைத்துவிடலாம்தான். ஆனால் அவருக்கு அது இன்னொரு நாள் விடுப்பு, இன்னொரு ஊசி, இன்னொரு பில்.

அடுத்தது, பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்று நாம் சொல்லும் கணக்கு. புருவ நடுக் கோடுகளுக்கு போடாக்ஸைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வுகளில், புருவத்தை முழுக்கச் சுருக்கும்போது கோடு இல்லை அல்லது லேசாகவே இருக்கிறது என்று மருத்துவர்கள் மதிப்பிட்டவர்கள் 30-ஆம் நாளில் 80 சதவீதம், 90-ஆம் நாளில் 48 சதவீதம், 120-ஆம் நாளில் 25 சதவீதம். நாம் சொல்வதோ "நாலு மாசம் நிக்கும்." நான்கு மாதம் நிற்பது நால்வரில் ஒருவருக்குத்தான். மூன்றாம் மாதமே கோடு திரும்பிவிட்டது என்று வருபவர் விதிவிலக்கானவர் இல்லை, ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைப் போலத்தான். ஆனால் அவர் மனத்தில் ஓடுவது வேறு: மருந்தில் தண்ணீரைக் கூட்டிக் கலந்துவிட்டார்களோ என்ற சந்தேகம். "மூணு மாசத்துல பாதிப்பேருக்குக் குறைய ஆரம்பிச்சிடும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முகத்தைத் தளரவிட்ட நிலையிலும் தெரியும் கோடு, தசை அடங்கினாலும் முழுதாகப் போகாது என்பதும் அதே பேச்சில் வர வேண்டியது.

பருத் தழும்புக்கு வருவோம். "ஆறு சிட்டிங், 60 சதவீதம் குறையும்" என்பது நம் கிளினிக்குகளில் புழங்கும் வாக்குறுதி. எதில் 60 சதவீதம்? ஆழத்திலா, எண்ணிக்கையிலா, பார்ப்பவர் கண்ணிலா? யாரும் சொல்வதில்லை. கேட்பவருக்கு அது தழும்பே இல்லாத முகமாக மனத்தில் பதிகிறது. ஊசிக்குத்து போன்ற குறுகிய ஆழ்குழிக்கு மைக்ரோநீட்லிங்கால் பெரிய பலன் இல்லை. டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைப்பதோ, வெட்டி எடுத்துத் தைப்பதோ தேவைப்படும். அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கும் அலைக்குழியை சப்சிஷன் செய்து விடுவிக்காமல் மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் போதாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, அதை நோயாளிக்குக் காட்டி, "இந்த மூணும் மேல வரும், இது அப்படியேதான் இருக்கும்" என்று பேனாவால் வட்டமிட்டுக் கொடுப்பது சதவீதம் சொல்வதைவிட நேர்மையானது.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று: பல இடங்களில் இந்த வாக்குறுதியைத் தருபவர் மருத்துவரே இல்லை. முன்னறையில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர், பேக்கேஜ் விலையோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார். நோயாளி உள்ளே வரும்போதே ஆறு சிட்டிங்குக்கான பணமும் கட்டியாகிவிட்டது. அதன் பிறகு "உங்களுக்கு இது பொருந்தாது" என்று சொல்லும் துணிவு எத்தனை மருத்துவருக்கு வரும்? முதல் சிட்டிங்குக்கு முன்பே முழுத்தொகை வாங்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

மங்கு இன்னும் சிக்கலானது. 1064 நானோமீட்டர் லேசர் டோனிங்கில் நிறம் வெளுக்கிறது. நிறுத்திய சில மாதங்களில் பலருக்குத் திரும்புகிறது. அடிக்கடி செய்துகொண்டவர்களில் சிலருக்கு வெண்புள்ளிகள் விழுகின்றன. இது சர்க்கரை நோயைப் போலக் கட்டுக்குள் வைக்க வேண்டியது, ஒரேயடியாகத் தீர்ப்பதற்கு இல்லை என்பதைச் சொல்லாமல் லேசரைத் தொடங்குவது தவறு.

கல்யாணத் தேதியோடு வருபவர்கள் தனி வகை. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது "ஏதாவது பண்ணுங்க மேடம்" என்று பெண்ணும் தாயாரும் சேர்ந்து கெஞ்சுவார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் நான்காம், ஐந்தாம் வகைத் தோலில், ஆழமான பீலிங்குக்கோ லேசருக்கோ பிறகு வரும் கருமை அடங்க மாதங்கள் பிடிக்கும். இதுவரை செய்துகொள்ளாத எதையும் அந்த மூன்று வாரத்தில் தொடங்கக் கூடாது. மறுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். போகட்டும்.

இப்போது கைப்பேசிப் படத்தை நீட்டிக் காட்டிக் குறை சொல்பவர்கள் கூடிவருகிறார்கள். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. மூக்கின் அகலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவருடைய கைப்பேசியிலேயே 5 அடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். சிலர் அதைப் பார்த்த பிறகு சிகிச்சை வேண்டாம் என்று எழுந்து போவதும் உண்டு.

படத்தைப் பார்த்தும் மனம் ஆறாதவர்களும் இருக்கிறார்கள். மற்றவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குறைக்காக நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் கழிப்பவர், ஏற்கெனவே பல மருத்துவரைப் பார்த்து ஒவ்வொருவர் மீதும் வருத்தத்தோடு வருபவர், அந்தக் குறையால் வேலைக்கோ விசேஷத்துக்கோ போவதை நிறுத்தியவர்: இவர்களுக்கு இருப்பது உடல்தோற்றக் குறைக்கோளாறாக இருக்கலாம். பொதுமக்களில் 2 சதவீத அளவில் இருக்கும் இக்கோளாறு, அழகியல் சிகிச்சைக்கு வருவோரிடம் அதைப்போல் பல மடங்கு. ஊசியாலும் லேசராலும் அது தீராது. அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், செரோடோனின் அளவைக் கூட்டும் மருந்துகளும் உதவும். மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்போது நாம் பேசும் விதம் முக்கியம். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்பது அவரைக் காயப்படுத்தும். "இந்த வடுவைவிட அதைப் பத்தின நினைப்புதான் உங்களை ரொம்ப வாட்டுதுன்னு தெரியுது. அதுக்கு வைத்தியம் இருக்கு, நான் அனுப்புறவரைப் போய்ப் பாருங்க" என்றால் பலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் நிறைவடையாத ஒவ்வொருவருக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. அந்த ஆசிரியைக்கு எந்தக் கோளாறும் இல்லை. அவர் கேட்டதற்கு நாம் பதில் தரவில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் இதே இடத்தில்தான் நம்மைப் பார்க்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் கூறியது. 2008-இல் சமீரா கோலி வழக்கில், ஒப்புதல் என்றால் சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெற்றதாக இருக்க வேண்டும் என்றது. நம் ஒப்புதல் படிவங்களில் ஆபத்துகள் இரண்டு பக்கம் நிறைந்திருக்கின்றன. பயன் எவ்வளவு, எதற்குப் பயன் இல்லை என்பதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, முகச் சிகிச்சை பற்றி இங்கே எழுத வருபவர்களிடம் சிலவற்றைக் கேட்கப்போகிறோம். நோயாளி முதல் நாள் தன் குறையை எந்தச் சொற்களில் சொன்னார் என்பதை அதே சொற்களில் தர வேண்டும். மருத்துவர் இடும் மதிப்பெண்ணோடு, ஃபேஸ்-க்யூ போல நோயாளியே பதில் சொல்லும் அளவீடு ஒன்றும் இருக்க வேண்டும். நோயாளி மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "நல்லா இல்ல" என்று சொல்லத் தயங்குவார் என்பதால், அந்தக் கேள்விகளைச் சிகிச்சை தந்தவர் அல்லாத ஒருவர் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச முடிந்தது என்பதும் கட்டுரையில் இடம்பெற வேண்டும். பக்கவிளைவு எதுவும் இல்லாமல் ஏமாற்றம் மட்டும் எஞ்சிய ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பானாலும் அனுப்புங்கள்; முதல் நாள் அவர் கேட்டதும் நீங்கள் செய்ததும் எங்கே விலகின என்பதை எழுதியிருந்தால் போதும், வெளியிடுவோம்.