எற்பாடு எப்போது?

நெய்தலின் சிறுபொழுது எது? எற்பாடு, அதாவது சூரியன் மறையும் வேளை. ஒரு மதிப்பெண். முடிந்தது நம் இலக்கியக் கல்வி.

குருசுக்குப்பத்து மாணவி ஒருத்தி தேர்வுத்தாளில் எழுதியிருந்தாள்: "எங்கள் கடலில் சூரியன் மறைவதில்லை, உதிக்கிறது. இரவில் தொழிலுக்குப் போனவர்களை எண்ணி விடியலில்தான் கரையில் நின்று இரங்குகிறோம். ஆகவே நெய்தலுக்குக் காலையே பொருந்தும்." விடைக்குறிப்பில் இல்லை, நாம் சுழியம் போட்டோம்.

தன்னை அறியாமலே அவள் சிவஞான முனிவரின் பக்கம் நின்றிருக்கிறாள். 1785இல் மறைந்த அம்முனிவர் எற்பாட்டுக்குக் காலை என்றே பொருள் கொண்டவர். உரையாசிரியர்களிடையே தீராத வழக்கொன்றை நாம் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருக்கி, ஒரு கட்சிக்கு மட்டும் தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

2023-24இல் புதுவை அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியபோது, தமிழ் என்னாகுமோ என்று கவலைப்பட்டோம். நியாயமான கவலைதான். ஆனால் பள்ளியோ கல்லூரியோ, பாடத்திட்டம் எதுவானாலும் மாறாதிருப்பது நம் சிவப்பு மை. பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று ஆசிரியர் அறையில் இனியும் புலம்ப வேண்டாம். சிந்தித்தவளுக்குச் சுழியம் போட்ட கை நம்முடையது.