ஆற்றில் விடுவது இரக்கமா?

மீன் தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்வதால், மாநகராட்சியின் பெயரையே சூட்டி ‘இக்கான் பண்டாராயா’ என்கிறோம். தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும், கொல்ல மனமின்றி ஆற்றில் விடுகிறோம். நண்பர்கள் சிலர் இதை ஜீவகாருண்யம் என்கின்றனர். நான் ஏற்கமாட்டேன்.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் அழுக்கு நீரிலும் பிழைக்கும். எலும்புக் கவசம் இருப்பதால் அதனை இரையாக்கும் உயிர்கள் இங்கே குறைவு. கரையைக் குடைந்து முட்டையிடுவதால் மண் சரிகிறது. கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, நம் மண்ணின் மீன்களோடு இரைக்குப் போட்டியிடுகிறது. தன்னார்வலர்கள் வலை வீசி அகற்றுகின்றனர். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் விட்டால் இவ்வேலை என்று முடியும்?

மாணவர்களே, ஓருயிரைக் காப்பதாக எண்ணி ஓர் ஆற்றையே வதைக்கலாமா? வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே ஒப்படைப்போம். வாங்கும் முன்னரே சிந்திப்போம்!