மனை விற்போரும் ஜனங்களின் நம்பிக்கையும்

நிலத்தில் பணம் போடுகிறவர்களைத் தென் ஜில்லாக்களுக்கு எப்படி ஈர்ப்பது என்று மனை வியாபாரிகள் ஆலோசிக்கிறார்கள். விளம்பரம் போதவில்லை என்பது அவர்களில் பலருடைய அபிப்பிராயம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. குறை விளம்பரத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

மேலநீலிதநல்லூர் முதலிய சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமங்களில் மனை வாங்குகிறவர் யார்? முதலீட்டாளர் என்றதும் கோடீசுவரர் ஒருவர் நம் மனக்கண்முன் வருகிறார். உண்மையில் பம்பாயிலோ திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைத்து, வருஷக்கணக்காய் மிச்சம் பிடித்த பணத்தை ஊரில் ஐந்து சென்டாக மாற்ற விரும்புகிறவரே இங்கே பெரும்பாலும் முதலீட்டாளர். பெண்ணின் கல்யாணத்துக்கு அதை விற்கலாம் என்பது அவருடைய கணக்கு. பார்வையிடவும் விசாரிக்கவும் அவருக்கு அவகாசமில்லை. லீவில் வரும் பத்து நாட்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இத்தகையவர் ஒருமுறை ஏமாந்தால் அவருடைய தெரு முழுவதும் பத்து வருஷத்துக்கு மனைப் பக்கம் திரும்பாது.

வக்கீல் தொழிலில் நம்மிடம் பத்திரங்களைக் கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: "ரிஜிஸ்தர் ஆகிவிட்டது, இனி என்ன பயம்?" இந்த எண்ணமே பெரும் ஆபத்து. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, விற்றவருக்கு அந்நிலத்தில் பாத்தியம் இருந்தது என்று சர்க்கார் உத்தரவாதம் செய்வதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 1858-ல் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் ஏற்படுத்திய முறையில் உரிமையையே சர்க்கார் பதிவு செய்து அதற்குப் பொறுப்பும் ஏற்கிறது. நம் தேசத்தில் அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் தலையிலேயே விழுகிறது. வில்லங்கச் சான்று பதிவான விவகாரங்களை மட்டும் காட்டும். பதிவாகாத உயிலையோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ அது சொல்லாது. பட்டாவும் வருவாய்க் கணக்கேயன்றி முடிவான உரிமைச் சாசனமன்று. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு சொத்துக் கைமாறியதாகப் பாவிப்பது செல்லாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகக் கூறியும், பவர் பத்திரத்தைக் காட்டி அதையே கிரயம் என்று நம்பச் செய்வோர் இன்னும் உண்டு.

எல்லாவற்றையும்விட அடிக்கடி காணப்படும் பழுது சகோதரிகளின் கையெழுத்து இல்லாமை. ஹிந்து கூட்டுக் குடும்பச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே சமபாகம் கிடைத்தது. 2005-ல் மத்திய சட்டம் மணமான பெண்களுக்கும் அதை அளித்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் ஜீவித்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. ஆயினும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டுத் தோட்டத்தை விற்க, வாங்கியவர் அதை மனைகளாக்கி விற்க, பல வருஷங்களுக்குப் பின் தங்கை வழக்குத் தொடுக்கிறாள். அவள்பேரில் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கஷ்டப்படுகிறவர் கடைசியில் மனை வாங்கிய ஏழையே.

நம்பிக்கைத் துரோகம் எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதற்கு பி.ஏ.சி.எல். கம்பெனியின் கதை போதும். விவசாய நிலம் தருவதாகச் சொல்லி ஏறக்குறைய 5.85 கோடிப் பேரிடம் அது பணம் திரட்டியது. அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் இது என்று கண்ட செபி, ரூ.49,100 கோடியைத் திருப்பித் தரும்படி 2014-ல் உத்தரவிட்டது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் கமிட்டி நியமித்து, நிலங்களை விற்றுப் பணம் கொடுக்கச் சொல்லிற்று. சிறு தொகை போட்டவர்களும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

சட்டமே இல்லையென்று கூற மாட்டோம். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவும் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி பாங்குக் கணக்கில் வைத்து, நிலத்தின் விலைக்கும் அந்த வேலைக்குமே செலவிட வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. யோக்கியமான வியாபாரிக்கு இவையெல்லாம் விலங்குகள் அல்ல, நற்சாட்சிப் பத்திரங்கள். ஆனால் மனை என்று சொல்லாமல், "பண்ணை நிலம்" என்று பெயரிட்டுத் துண்டு துண்டாய் விற்று, நாங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களல்ல என்போரும் இருக்கிறார்கள். சென்னை ஹைகோர்ட்டு 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தபோது தவித்தவர்கள் விற்றுவிட்டுப் போனவர்களா? இல்லை, வாங்கியவர்கள். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தபின் கட்டணம் செலுத்தியவர்களும் அவர்களே. இந்தப் பண்ணை நில ஓட்டையை ராஜாங்கத்தார் உடனே அடைக்க வேண்டும்.

சென்னையில் 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தபோது, இனி யார் பணத்தை ஒப்படைப்பார்கள் என்று பலர் கேட்டனர். மறு வருஷமே வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயரும் நண்பர்களும் இந்தியன் பாங்கை ஸ்தாபித்தார்கள். பணம் போட ஜனங்கள் வந்தார்கள். நம்பிக்கை அடியோடு செத்துப்போவதில்லை என்பது இதனால் விளங்கும்.

மனை வியாபாரிகள் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, நகர் ஊரமைப்பு அனுமதி, புலப்படம், வாரிசுப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தைப் போல எல்லோரும் வந்துபோகும் இடங்களில், எந்த வக்கீலும் பார்க்கும்படி வைக்கட்டும். வாங்குகிறவர் தம் சொந்த வக்கீலை அழைத்து வந்தால் முகம் சுளிக்காதிருக்கட்டும். கிரயம் வாங்குமுன் விற்பவருடைய சகோதரிகளின் கையெழுத்தையும் கேட்டு வாங்கட்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.