பிறவிக் குறையா, பிழைப்பின் சுவடா?

பழைய எலும்புக்கூடு ஒன்றில் முதுகெலும்பு கொஞ்சம் மாறியிருந்தால் போதும். "மரபணுக் கோளாறு", "சொந்தத்துக்குள் கல்யாணம்" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். செத்தவன் எழுந்து வந்து கேஸா போடப் போகிறான்? எனக்கு இதில் கோபம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இடுப்புப் பகுதி முள்ளெலும்பின் பின்வளைவு தனியே பிரிந்து நிற்பதற்கு ஸ்பாண்டிலோலைசிஸ் என்று பெயர். அலாஸ்கா பூர்வகுடிகளின் பழைய எலும்புகளில் இது மிக அதிகம். "பிறக்கும்போதே எலும்பு ஒட்டாத இனம்" என்று கதையை முடித்துவிடலாம், சுலபம்! ஆனால் டி. டேல் ஸ்டூவர்ட் அந்த எலும்புகளை வயதுவாரியாகப் பிரித்து எண்ணி 1953-ல் எழுதினார். சிறு வயதில் குறைவு, வயது ஏற ஏற அதிகம். பிறவிக் குறை என்றால் வயதோடு சேர்ந்து எப்படி ஏறும்?

1981-ல் இன்னொரு ஆய்வு. வாழ்நாளில் நடக்கவே முடியாத 143 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட இந்தப் பிளவு இல்லை. ஆக, நிமிர்ந்து நடந்து பளு தாங்கும் முதுகில்தான் இது வருகிறது.

இது ஏதோ ஆதிகாலத்துச் சமாச்சாரமும் இல்லை. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகில் எலும்பு விரிசல் விடுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். 1973-ல் டென்னிஸ் லில்லி முதுகு எலும்பு விரிசலால் அவதிப்பட்டாரே, யாராவது அவர் பரம்பரையைத் தோண்டினோமா? பந்து வீசும் முறையைத்தானே பார்த்தோம்? லில்லிக்கு ஒரு நியாயம், அலாஸ்கா வேட்டைக்காரனுக்கு ஒரு நியாயமா?

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில குடும்பங்களில் இது அதிகம் வருவது உண்மை. ஆனால் "பிறவி" என்றாலே "ரத்தம்" என்பதும் தப்பு. தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அப்படியொரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி வருவது சுமார் 72 சதவீதம் குறைந்ததாக 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. தாயின் சாப்பாடும் சுற்றுச்சூழல்தான் சார்!

ஆகவே, எலும்பைக் கையில் எடுப்பவர்களே... முதலில் வயதைப் பாருங்கள். என்ன வேலை செய்தான், என்ன தின்றான் என்று கேளுங்கள். அப்புறம் ரத்தத்துக்கு வாருங்கள். உழைத்துத் தேய்ந்த முதுகுக்கு "குறைப்பிறவி" என்று பெயர் வைப்பது விஞ்ஞானம் இல்லை, வெறும் சோம்பேறித்தனம்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு நான் ரெடி :)