தி கிளாஷ்: ஊருக்குத்தான் உபதேசமா?

ஸ்லம்டாக் மில்லியனர் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. அண்ணனும் தம்பியும் ரயிலில் ஏறி ஊர் ஊராகத் திரிவார்கள். பின்னால் ஒரு பாட்டு ஓடும்... நடுநடுவே துப்பாக்கி வெடிக்கும், கல்லாப்பெட்டி 'டிங்' என்று திறக்கும். ரகுமான் போட்ட பாட்டு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்'. 2007-ல் வந்த 'கலா' ஆல்பத்தில் இருக்கிறது. (கலா என்பது அவருடைய அம்மா பெயர். அதே ஆல்பத்தில் நம்மூர் உறுமி மேளமும் கேட்கும். அது தனிக்கதை.)

அந்தப் பாட்டுக்கு அடியில் சுற்றிச் சுற்றி வரும் இசை மட்டும் மாயாவுடையது அல்ல. லண்டனைச் சேர்ந்த தி கிளாஷ் என்ற பங்க் ராக் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அதனால் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் மாயாவோடு கிளாஷ்காரர்கள் நான்கு பேர் பெயரும் இருக்கிறது: ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சைமனன், டாப்பர் ஹெடன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் போன ஒரு தமிழ்ப்பெண்ணின் பெயர் பக்கத்தில் இவர்கள் பெயர் இருப்பது பொருத்தம்தான். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடுவதே வேண்டாம் என்று விரட்டப்படுகிறவர்களைப் பற்றி. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், வேலைபோன இங்கிலாந்துத் தொழிலாளர்கள், குடியேறி வந்தவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள்.

பொருத்தமில்லாதது வேறொன்று இருக்கிறது. அந்தப் பாட்டு உள்ள 'காம்பாட் ராக்' ஆல்பம் 1982 மே மாதம் கடைக்கு வந்தது. அதே மாதம் அந்த நால்வரில் ஒருவரை வெளியே அனுப்பினார்கள். அடுத்த வருடம் இன்னொருவரை. விரட்டப்பட்டவர்களுக்காகப் பாடிய குழு, தன் ஆட்களையே விரட்டியது. கிளாஷ் பற்றி எழுதுகிறவர்கள் போதைமருந்து, மேனேஜர், பணம் என்று நூறு காரணம் சொல்வார்கள். இந்த முரணைத்தான் மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1976 வாக்கில் லண்டனில் இளைஞர்களுக்கு வேலை இல்லை. ராக் இசையோ கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்காக ஆகிவிட்டிருந்தது. இருபது நிமிடப் பாட்டு, மேடையெல்லாம் புகை. அதற்கு எதிராக, கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், கோபம் இருந்தால் போதும் என்று கிளம்பியதுதான் பங்க். செக்ஸ் பிஸ்டல்ஸ் எல்லாவற்றையும் உடை என்றார்கள். கிளாஷ் மட்டும்தான் உடைத்த பிறகு என்ன என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம்.

ஸ்ட்ரம்மரின் நிஜப்பெயர் ஜான் மெல்லர். வெளியுறவுத்துறை அதிகாரியின் மகன். பிறந்தது துருக்கியின் அங்காராவில், அப்பா பிறந்தது நம்ம லக்னோவில். விடுதிப்பள்ளியில் படித்தவர். "வசதியான வீட்டுப் பையன் ஏழைக்காகப் பாடுகிறான்" என்று கடைசிவரை கிண்டல் செய்தார்கள். மிக் ஜோன்ஸ் பாட்டியோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர், மெட்டு போடுவதில் மன்னன். ஓவியம் படித்த சைமனனுக்கு ஆரம்பத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று கிட்டார் மேலேயே எழுதி வைத்துக்கொண்டார். 1977-ல் வந்து சேர்ந்த டாப்பர் ஹெடன்தான் குழுவிலேயே முறையாக வாசிக்கத் தெரிந்த ஆள். ஜாஸ், ரெகே, ஃபங்க் எதைக் கேட்டாலும் டிரம்ஸில் தருவார். அவர் வந்த பிறகுதான் கிளாஷ் பங்க் என்ற சின்ன அறையை விட்டு வெளியே வந்தது. 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' அவர் இல்லாமல் சாத்தியமே இல்லை.

இவர்கள் சொன்னதைச் செய்தவர்கள் என்பதற்குச் சாட்சி நிறைய. 'லண்டன் காலிங்' இரண்டு இசைத்தட்டு, விலை ஒன்றுக்குத்தான். அடுத்த வருடம் 'சாண்டினிஸ்டா' மூன்று இசைத்தட்டு, 36 பாட்டு. அதையும் குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்று சி.பி.எஸ். கம்பெனியோடு மல்லுக்கட்டி, பிரிட்டனில் முதல் 2 லட்சம் பிரதிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஏற்கெனவே கடன்பட்டிருந்த நேரத்தில்! 1981-ல் நியூயார்க்கில் ஓர் அரங்கில் அளவுக்கு அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள் என்று தீயணைப்புத் துறை தடுத்தது. டிக்கெட் வாங்கிய எவரும் ஏமாறக்கூடாது என்று நாட்களைக் கூட்டி 17 முறை மேடையேறினார்கள். எந்த நட்சத்திரம் செய்வார் இதை?

இதற்கெல்லாம் மேலே 1978 ஏப்ரல் 30. லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான பெரிய நிகழ்ச்சி. நேஷனல் ஃபிரன்ட் கட்சி தெருத்தெருவாகக் குடியேறியவர்களுக்கு எதிராகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த காலம். பல்லாயிரம் பேர் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து நடந்தே வந்தார்கள். கிளாஷ் அங்கே வாசித்தது. சரியாக நான்கு நாள் கழித்து, மே 4 அன்று, கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளியை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குத்திக் கொன்றார்கள். அந்தப் பூங்கா நிகழ்ச்சி வெறும் ஆட்டம்பாட்டம் அல்ல என்பது புரிய இது ஒன்று போதும்.

சரி, இவ்வளவு நல்லவர்கள் உள்ளுக்குள் எப்படி இருந்தார்கள்?

ஆறுமுகநேரி, ஆத்தூர், குரும்பூர் பக்கம் கோயில் கொடை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வில்லுப்பாட்டில் ஜனத்தின் கண்ணெல்லாம் வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்பவர் மேல்தான் இருக்கும். குடம் அடிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் கை ஒரு நிமிடம் தளர்ந்தால் கதையே படுத்துவிடும். டாப்பர் ஹெடன் கிளாஷின் குடக்காரர். அது மட்டுமா, 'ராக் தி காஸ்பா' என்ற பாட்டின் இசையே அவர் போட்டது. ஸ்டூடியோவுக்கு மற்றவர்கள் வருவதற்குள் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்துவிட்டார். அமெரிக்காவில் கிளாஷ் அடைந்த மிகப்பெரிய வெற்றி அந்தப் பாட்டுதான், தரவரிசையில் 8-வது இடம் வரை போனது. அது வெற்றியடைந்தபோது அவர் குழுவில் இல்லை. டெக்சாஸில் எடுத்த வீடியோவில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவர் டெர்ரி சைம்ஸ், முதல் ஆல்பத்தில் வாசித்துவிட்டு விலகிப்போய், அவசரத்துக்குத் திரும்ப வந்தவர்.

டாப்பருக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது உண்மை. குழுவுக்குப் பெரிய தொல்லையாக இருந்ததும் உண்மை. 21 வயதில் வந்த ஒருவரை வருடக்கணக்கில் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்தவர்கள், அவர் விழுந்தபோது ஆறு மாதம் ஓய்வு கொடுத்து வைத்தியம் பார்க்கவில்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் ஒரு தொழிலாளியை முதலாளி இப்படி அனுப்பியிருந்தால் சங்கம் கொடி பிடித்திருக்கும். கிளாஷே வந்து பாடியிருக்கும்! அதைவிட மோசம் வெளியே சொன்ன காரணம். உடம்பு சரியில்லை என்றோ பழக்கம் என்றோ சொல்லவில்லை, குழுவின் அரசியல் பாதையில் கருத்து வேறுபாடு என்றார்கள். ஒரு நோயாளியை அனுப்பியதற்குக் கொள்கைச் சாயம்.

அடுத்தது மிக் ஜோன்ஸ். அவரும் சுலபமான ஆள் இல்லை. எதற்கும் தாமதமாக வருவார், ஒத்திகையை மறந்துவிடுவார், நட்சத்திரம்போல முறுக்கிக்கொள்வார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'காம்பாட் ராக்' ஆல்பத்தை அவர் இரட்டை இசைத்தட்டாக நீளமாகச் செய்திருந்தார். மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிளின் ஜான்ஸ் என்ற தயாரிப்பாளரைக் கூப்பிட்டு வெட்டிச் சுருக்கினார்கள். மனஸ்தாபம் அங்கேயே முற்றிவிட்டது. இதற்கிடையில் மேனேஜர் பெர்னி ரோட்ஸ். 1978-ல் நீக்கப்பட்டவர், 1981-ல் ஸ்ட்ரம்மர் பிடிவாதத்தில் திரும்ப வந்தார். கலகத்தைத் திட்டம் போட்டு நடத்தலாம் என்று நம்பிய மனிதர். 1982 வசந்தத்தில் டிக்கெட் விற்பனைக்குப் பரபரப்பு வேண்டும் என்று ஸ்ட்ரம்மரைக் கொஞ்ச நாள் காணாமல் போகச் சொன்னாராம். ஸ்ட்ரம்மர் நிஜமாகவே பாரிஸ் போய் ஒளிந்துகொண்டார். காமெடியா சோகமா என்று தெரியாத கட்டம் அது.

1983-ல் ஜோன்ஸையும் அனுப்பினார்கள். அப்போது வந்த அறிக்கையில், கிளாஷின் ஆதி எண்ணத்திலிருந்து ஜோன்ஸ் விலகிவிட்டார் என்று இருந்தது. குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர், பாதி மெட்டுக்குச் சொந்தக்காரர், ஆதி எண்ணத்திலிருந்து விலகிவிட்டாராம். நம்மூர் கட்சிகளில் ஆளை நீக்கும்போது வரும் அறிக்கை வாசனை அடிக்கிறதல்லவா?

பிரிவு எல்லாக் கலைஞர்களுக்கும் வருவதுதான். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்தார்கள். இளையராஜாவும் வைரமுத்துவும் 1986-ல் பிரிந்தார்கள். தமிழர்கள் இன்றும் டீக்கடையில் அதைப் பேசி மாய்ந்துபோகிறோம். ஆனால் அங்கே யாரும் 'கொள்கைக்காக' என்று சொல்லவில்லை. கிளாஷ் சொன்னது, அதனால்தான் அதன் தவறு பெரிதாகத் தெரிகிறது.

"உச்சத்தில் உடைந்தது நல்லதுதான், ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி கிழவர்களாகி மைதானத்தில் காசு பார்ப்பதற்கு இது மேல்" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், உண்மை அப்படி இல்லை. கிளாஷ் உச்சத்தில் உடையவில்லை. ஜோன்ஸ் போன பிறகு புது ஆட்களைச் சேர்த்து இரண்டரை வருடம் இழுத்தார்கள். 1984 டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்த நிதிக்காக வாசித்ததும், 1985 மே மாதம் கிட்டாரோடு வட இங்கிலாந்துத் தெருக்களில் சும்மா நின்று பாடித் திரிந்ததும் அழகான காரியங்கள். ஆனால் அந்த வருடக் கடைசியில் வந்த 'கட் தி க்ராப்' ஆல்பம்? ரோட்ஸே உள்ளே புகுந்து தயாரித்தது. 'திஸ் இஸ் இங்கிலாந்து' என்ற ஒரு பாட்டைத் தவிர மிச்சத்தைக் கிளாஷ் ரசிகர்களே பேசுவதில்லை. ஸ்ட்ரம்மர் பஹாமாஸ் தீவுக்குப் பறந்து போய், ஜோன்ஸைத் தேடிப் பிடித்து, திரும்ப வா என்று கேட்டார். ஜோன்ஸ் அதற்குள் பிக் ஆடியோ டைனமைட் என்று தனிக்குழு தொடங்கிவிட்டிருந்தார். மாட்டேன் என்றுவிட்டார். 1986-ல் கடை சாத்தியாகிவிட்டது.

இந்த வருடங்களைக் கொஞ்சம் தமிழ்க் கண்ணோடு பார்க்கவேண்டும். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் லண்டனில் போய் இறங்கினார்கள். கிளாஷ் ஜோன்ஸை நீக்கியது அந்தக் கலவரம் முடிந்த சில வாரங்களில். மாயா தன் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தது 1986-ல், கிளாஷ் இல்லாமல் போன அதே வருடம். அல்தாப் அலியின் காலத்தில் பூங்காவில் நின்ற குழு, தெற்காசிய அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்த காலத்தில் யார் தாமதமாக வந்தது, யார் யாரோடு பேசவில்லை என்ற கணக்கில் செத்துப்போனது. தவறவிட்ட வாய்ப்பு என்றால் இதுதான். சேர்ந்திருந்தால் இன்னும் எத்தனை லட்சம் தட்டு விற்றிருக்கும் என்பதெல்லாம் சி.பி.எஸ். கம்பெனியின் கவலை.

இருந்திருந்தால் மட்டும் அகதிகளின் வாழ்க்கை மாறியிருக்குமா என்று கேட்கலாம். மாறியிருக்காது. ஒரு பாட்டு விசா வாங்கித் தராது. ஆனால் ஹெளன்ஸ்லோவிலோ மிச்சத்திலோ பள்ளிக்கூடத்தில் வசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பையன் என்ன பாட்டுக் கேட்டு வளர்கிறான் என்பது சின்ன விஷயம் அல்ல.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் வேடிக்கை. 1991-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்து 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. குழு இருந்தபோது ஒருமுறைகூட முதலிடம் பிடித்ததில்லை! அதே வருடம் வளைகுடாப் போரில் 'ராக் தி காஸ்பா' அமெரிக்க ராணுவ வானொலியில் ஒலித்தது. போருக்கு எதிரான குழு, போர்ப்பாட்டு. டாப்பர் இதற்குள் வாடகைக் கார் ஓட்டி, 1987-ல் சிறைக்கும் போய்வந்திருந்தார். மீண்டு வரப் பல வருடம் ஆனது.

2000-ல் வந்த 'வெஸ்ட்வே டு தி வேர்ல்ட்' ஆவணப்படத்தில் ஸ்ட்ரம்மரே ஒப்புக்கொள்கிறார்: ஒரு குழு என்பது அந்தக் குறிப்பிட்ட நான்கு பேரின் கலவை, அதில் கை வைக்கக்கூடாது என்று. டாப்பரும் அதில் தன் பழக்கத்துக்காக வருத்தம் தெரிவிக்கிறார். நோயாளி மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

சமாதானம் என்று ஒன்று நடந்ததென்றால் அது 2002 நவம்பர் 15 அன்றுதான். வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக லண்டன் ஆக்டன் நகர மன்றத்தில் ஸ்ட்ரம்மர் தன் புதுக்குழுவோடு பாடினார். கூட்டத்தில் நின்றிருந்த மிக் ஜோன்ஸ் பாதியில் கிட்டாரை வாங்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். திட்டமிட்டது இல்லை. 19 வருடம் கழித்து இருவரும் ஒரே மேடையில் மூன்று பாட்டு வாசித்தார்கள். டிசம்பர் 22 அன்று ஸ்ட்ரம்மர் இறந்துபோனார், வயது 50. பிறவியிலேயே இதயத்தில் இருந்த, யாருமே கண்டுபிடிக்காத கோளாறு. அடுத்த மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விருது வந்தது. அந்த ஆக்டன் மேடையில் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தது டாப்பர் அல்ல.