கைப்பேசியும் ஓர் அரங்கமே

எழுதுவது எவ்வளவு கடினமோ, எழுதியதைப் படிப்பவர் கையில் சேர்ப்பதும் அவ்வளவு கடினம். அன்றைய புலவர்க்குப் புரவலர் வேண்டும். அரங்கேற்ற அவை வேண்டும். உமறுப்புலவர்க்குச் சீதக்காதி வாய்த்தார். வாய்க்காதோர் ஏடுகள் எத்தனை கரையானுக்கு இரையாயினவோ! அச்சுக்கலை வந்த பின்னரும் பதிப்பாளரின் வாயிலைக் கடந்தே எழுத்தாளன் வாசகனை அடைய வேண்டியிருந்தது. இன்று முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் அவ்வாயிலைத் திறந்து வைத்துள்ளன. அதன் வழியே நாம் எதைக் கொண்டு செல்கிறோம் என்பதே வினா.

வாசகரைத் தேடிச் செல்வது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான், 1974-இல் 'பால்வீதி'யைத் தந்தவர். 'ஆலாபனை'க்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் நூலோடு நின்றுவிடவில்லை. கவியரங்க மேடைகளில் முழங்கினார், இதழ்களில் எழுதினார், கஜலையும் ஹைக்கூவையும் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தார். அன்று மேடை செய்த பணியை இன்று கைப்பேசி செய்ய வல்லது.

செய்ய முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களையும் தம் இணையதளத்தில் நாளுக்கோர் அத்தியாயமாக வெளியிட்டார். அதற்கு ஓவியர் சண்முகவேல் வரைந்த படங்களும் வாசகரை ஈர்த்தன. பின்னர் அவை நூல்களாயின. சமூக ஊடகம் தெரு. தனித்தளமும் நூலும் வீடு. தெருவில் அழைக்கலாம், குடியிருக்க வீடு வேண்டும்.

நம் மாணவச் செல்வங்களோ எழுதுவதினும் மிகுதியாகப் பிறர் எழுதியதைத் தள்ளிவிடுகின்றனர். எழுதப் பொருளா இல்லை? திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக்கி, 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் இம்மண்ணின் மக்களை எழுதி வருகிறார். ஷூ கம்பெனிப் பேருந்துக்கு விடியலில் காத்திருக்கும் பெண்கள், சுண்ணாம்புத் தொட்டியருகே முதிர்ந்த தொழிலாளர், 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாலாற்றின் துயர், உருதுவும் தமிழும் கலந்தொலிக்கும் நம் வீடுகள் என எழுதப்பட வேண்டியவை இன்னும் ஏராளம்.

வாரம் ஒன்றேனும் தவறாது எழுதுக. எழுதியதை ஒரு நாள் வைத்திருந்து, திருத்தி வெளியிடுக. ஓவியர் முடிந்த படத்தோடு பென்சில் கோட்டையும் காட்டுக. படத்தினுள்ளேயே பெயரைப் பொறித்திடுக. பெயரில்லாப் படம் நான்கு கைகள் மாறினால் வரைந்தவர் யாரென்றே தெரியாது போகும். விருப்பக் குறிகளை எண்ணுவதை விட, கருத்துரைத்த பத்துப் பேருக்குப் பண்போடு மறுமொழி தருவது மேல்.

எச்சரிக்கையும் தேவை. 'மாதொருபாகன்' நாவலின் சில பக்கங்கள் மட்டும் தனியே பரப்பப்பட்டு எதிர்ப்பு மூண்டபோது, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவரை மீண்டும் எழுதுமாறு ஊக்கியது. துண்டித்த சொல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு இது பாடம். முழுமையும் படிக்காமல் பிறர் எழுத்தைப் பரப்புவதில்லை என நாம் உறுதி பூணுதல் வேண்டும்.

சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒன்று கூற விழைகிறோம். இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்றுவர இயலாத நம் பெண்மக்களுக்கு இக்கைப்பேசியே அரங்கம். துவரங்குறிச்சியில் வீட்டினுள்ளிருந்து புனைபெயரில் எழுதிய சல்மாவை இன்று தமிழுலகம் அறியும். மகள் கையிலிருப்பதைப் பறிக்கும் முன், அதில் அவள் எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நன்றாயிருப்பின் நன்றென்று சொல்லுங்கள். அன்று சீதக்காதி பொருள் தந்தார். இன்று நாம் தர வேண்டியது செவி மட்டுமே.